பாக்குவெட்டி

ராயப்பேட்டை. சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஆஸ்பத்திரிப் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடித்த தகரத் தடுப்பு. தடுப்புக்கும் கடைக்கும் நடுவே மீந்த இடத்தில் ஆட்டோ, ஸ்கூட்டர், பூக்கூடை, டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள்.

கொஞ்சம் தள்ளி ஒரு வணிக வளாகம். வாசலில் மெட்டல் டிடெக்டர். பக்கத்தில் பைகளை விழுங்கும் எக்ஸ்ரே இயந்திரம். இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்கு முன் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஐம்பது தாண்டிய ஒரு காவலாளி. நீலச் சட்டை அவருக்கு ஒரு அளவு பெரியது.

மெட்டல் டிடெக்டர் கத்துகிறது. ஒருவர் உள்ளே போகிறார். மறுபடி கத்துகிறது. இன்னொருவர் போகிறார். சாவிக்குக் கத்துகிறது. பெல்ட்டுக்குக் கத்துகிறது. கைபேசிக்குக் கத்துகிறது. யாரும் நிற்பதில்லை.

ஒரு சின்னக் குழந்தை தனியாக நடந்து கடக்கிறது. சத்தம் இல்லை. வாசலில் நிற்கும் இளைய காவலாளி அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறான்.

அவன் கையில் ஒரு கருவி. வருபவரின் வயிற்றுக்கு நேரே இறங்குகிறது, முதுகுப் பக்கம் ஏறுகிறது. கற்பூரம் காட்டுவது போல ஒரு சுற்று. "போங்க சார்." அடுத்தவர். ஒரு சுற்று. "போங்க சார்." வந்தவர்களே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கருவி வருவதற்குள் நகர்ந்துவிடுகிறார்கள்.

வண்டிகள் நுழையும் வழியில் நீளக் கம்பி, கம்பியின் நுனியில் சக்கரம் வைத்த கண்ணாடி. காரின் அடியில் போய் வருகிறது. டிக்கி திறக்கிறது. உள்ளே இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு கிரிக்கெட் மட்டை, ஸ்டெப்னி. டிக்கி மூடுகிறது. அட்டைப்பெட்டிகள் ஒட்டிய டேப் பிரியாமலே உள்ளே போகின்றன. பின்னால் ஏழு கார்கள். ஏழாவது காரின் ஹாரன்.

பெண்களுக்கான தடுப்பில் பச்சைத் திரைச்சீலை. உள்ளே ஒரு பெண் காவலாளி காலையிலிருந்து நிற்கிறார். நாற்காலி ஒன்று இருக்கிறது. அதன் மேல் பதிவேடு, தண்ணீர் பாட்டில், யாரோ விட்டுப்போன குடை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. குடை உட்கார்ந்திருக்கிறது.

ஒரு அம்மாவும் மகனும் வருகிறார்கள். அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நூல் புடவை, புதுச் செருப்பு, அரக்கு நிற ரெக்சின் கைப்பை. மகன் கையில் கைபேசி. அதில் எடுத்துவைத்த சக்கரப் பெட்டியின் படம்.

"பையை மெஷின்ல வைங்கம்மா."

"எதுக்குப்பா?"

"செக்கிங்மா."

பையை வைக்கிறார். ரப்பர் மடல் அதை விழுங்கும்வரை கையை எடுப்பதில்லை.

திரையில் பை திறந்துகொள்கிறது. துணியும் காகிதமும் சாப்பாட்டுச் சாமானும் ஆரஞ்சு நிறம். உலோகம் நீலம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதெல்லாம் பச்சை. ஆரஞ்சுப் புகைக்கு நடுவே, கீழ் மூலையில், அலகு திறந்த பறவை போல ஒரு நீல வடிவம். கெட்டியான நீலம்.

"சார், பார்க்கிங் டோக்கன் எங்க சார் வாங்கணும்?"

ஸ்டூலில் இருப்பவர் திரும்புகிறார். கையை நீட்டி வலது பக்கம் காட்டுகிறார். கேட்டவருக்குப் புரியவில்லை. மறுபடி காட்டுகிறார். திரும்பி வரும்போது திரையில் வேறொருவரின் லேப்டாப்.

அம்மா மறுமுனையில் பையை எடுத்து, ஜிப் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் தோளில் மாட்டிக்கொள்கிறார்.

ஸ்டூலில் இருப்பவர் காலை எட்டு மணிக்கு வந்தவர். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. இரவு எட்டுக்கு வேலை முடியும். விமான நிலையங்களில் இதே மாதிரித் திரைக்கு முன் ஒருவர் தொடர்ந்து உட்காரக்கூடிய நேரம் 20 நிமிடம். ஐரோப்பிய ஒன்றியம் அதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் கண் பார்த்துக்கொண்டிருக்கும், மனம் பார்க்காது. அங்கே திரையில் அவ்வப்போது இல்லாத கத்தி ஒன்று தோன்றும், இல்லாத துப்பாக்கி ஒன்று தோன்றும். கணினி வைக்கிற பரீட்சை. கண்டவர் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை கண்டார், எத்தனை விட்டார் என்று கணக்கு ஏறும்.

இந்த வாசலில் பரீட்சை கிடையாது. கணக்கும் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் பைகள் மட்டும் வருகின்றன. இதில் ஸ்டூலில் இருப்பவர் தப்பு ஒன்றும் இல்லை.

*

ஜாம்பஜார் பக்கம் ஒரு சந்து. முதல் மாடி. ஏழரை மணி. கூடத்தில் புதுப் பெட்டி வாய் திறந்து கிடக்கிறது.

மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவ நாள் நெருங்குகிறது. பெட்டிக்குள் போகிறவை: பிரசவ லேகியம் ஒரு டப்பா. சுக்கு. வசம்பு. பூண்டு. கறிவேப்பிலைப் பொடி. குழந்தையைச் சுற்றத் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய புடவை நான்கு. குழந்தைக்குப் புதுத்துணி ஒன்றும் இல்லை. பிறந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

மகள் வீடியோவில். "அம்மா, கொப்பரை வெக்காத. பிடுங்கிருவாங்க."

கொப்பரை வெளியே வருகிறது. எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் தடை. தேங்காய்க்கும் கைப்பையில் இடம் இல்லை. சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் 2024 அக்டோபரில் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பருவம் முடியும்வரை தனி அனுமதி தந்தது.

மகன் ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறான். பவர் பேங்க் பெட்டியில் கூடாது, கையில்தான். தீப்பெட்டி எங்கேயும் கூடாது. தைலம், எண்ணெய், லேகியம் கையில் என்றால் 100 மில்லிக்குள். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிகுண்டால் தகர்க்கும் சதியைப் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்கத் தைல பாட்டிலுக்கு அளவு வந்தது.

கைத்தராசின் கொக்கியில் பெட்டி தொங்குகிறது. 25.8. பூண்டில் பாதி வெளியே. 25.1. மூன்று புடவை வெளியே. அம்மா ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறார். யாரும் பார்க்காதபோது இன்னொன்றையும்.

பெட்டி மூன்று முறை பிரிக்கப்படுகிறது. அரக்குக் கைப்பை ஆணியில் தொங்குகிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அது அம்மாவின் பை.

*

ஒன்பது மணி. டாக்ஸி. அண்ணா சாலை. தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி. கத்திப்பாராவில் மேலே ஏறி இறங்கியதும் மெட்ரோ ரயில் கூடவே வருகிறது. அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்ப இடம் பார்க்கிறார். இடம் வருவதில்லை. விழுங்கிவிடுகிறார்.

மீனம்பாக்கம்.

1984 ஆகஸ்ட் 2. இதே மீனம்பாக்கம், பழைய கட்டடம். கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்துக்கு ஒருவர் சீட்டு வாங்கியிருக்கிறார். பெட்டிகளை ஒப்படைக்கிறார். விமானத்தில் ஏறவில்லை. ஆள் இல்லாத பெட்டிகள் போகக் கூடாது என்று கீழேயே நின்றுவிடுகின்றன. சரியான முடிவுதான்.

பெட்டிகள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன. தொலைபேசி அடிக்கிறது. பெட்டிகளில் குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்கிறது குரல். பக்கத்துக் கூடத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் பயணிகள். நேரம் போகிறது. இரவு 11 மணியை ஒட்டி வெடிக்கிறது. 33 பேர் சாகிறார்கள். பெரும்பாலோர் இலங்கையர். கட்டடத்தின் கூரை அவர்கள் மேல் இறங்குகிறது.

பெட்டி பிடிபட்டிருந்தது. எச்சரிக்கை வந்திருந்தது. பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கிற ஒரு கைதான் வரவில்லை.

பத்து மாதம் கழித்து, 1985 ஜூன். கனடாவின் வான்கூவர். முன்பதிவில் இடம் உறுதியாகாத ஒரு பயணி, தன் பெட்டியை மட்டும் இந்தியா வரை நேராக அனுப்பச் சொல்கிறார். கவுன்ட்டரில் இருக்கும் பெண் முடியாது என்கிறார். பயணி வாதாடுகிறார். பின்னால் வரிசை நீள்கிறது. பெண் சரி என்கிறார். பெட்டி போகிறது. பயணி போகவில்லை.

டொரண்டோவில் பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் அன்று பழுது. கையில் பிடிக்கும் மோப்பக் கருவியை வைத்து மீதிப் பெட்டிகளைப் பார்க்கிறார்கள். ஒரு பெட்டியின் ஜிப் அருகே கருவி சன்னமாக ஒலிக்கிறது. சன்னமாக ஒலித்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜூன் 23, அயர்லாந்துக்கு அருகே, கடலுக்கு மேலே ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடிக்கிறது. 329 பேர்.

அதற்குப் பிறகு பல வருடம் இந்திய விமான நிலையங்களில் ஒரு காட்சி. விமானத்தின் நிழலில், தார்த்தரையில், பெட்டிகள் வரிசையாக நிற்கும். பயணிகள் வெயிலில் நடந்து வந்து ஒவ்வொருவரும் தன் பெட்டியைத் தொட்டுக் காட்டுவார்கள். தொட்ட பெட்டி மேலே ஏறும். தொடாத பெட்டி தரையில் நிற்கும். கயிறு கட்டிய பெட்டி, பெயின்ட்டில் பெயர் எழுதிய பெட்டி, சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி. அன்றைக்கு அதைவிட நம்பகமான கருவி எதுவும் இல்லை.

1987 ஏப்ரலில் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு தனித் துறையானது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட ஐசி 814 விமானம் கடத்தப்பட்டது. அடுத்த வருடமே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களுக்கு வரத் தொடங்கியது. முதலில் ஜெய்ப்பூர். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. தேதிக்குப் பின்னால் ஆட்கள்.

*

புதிய முனையத்தின் வாசல். 2023இல் திறந்தது. உள்ளே கோலமும் கோயிலும் பரதமும் சித்திரமாக. வெளியே ஒரு கம்பித் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் வழியனுப்ப வந்தவர்கள்.

துப்பாக்கி தொங்கவிட்ட ஜவான் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார். முகத்தைப் பார்க்கிறார். மறுபடி பாஸ்போர்ட். படத்தில் பொட்டு இல்லை. முகத்தில் இருக்கிறது. உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.

"போன எடு, ஆஃப் பண்ணாத. இறங்கினதும் அக்கா வெளிய நிப்பா."

"சரிடா. அடுப்புல பால் இருக்கு. ஆறினதும் உள்ள வை."

வீல்சேர் வருகிறது. அம்மாவுக்கு நடப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. தினமும் ஜாம்பஜாருக்கு நடந்து போய்க் காய் வாங்குகிறவர். நடை அல்ல, வழிதான் தெரியாது. எங்கே எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று தெரியாது. வீல்சேர் தள்ளும் பையனுக்குத் தெரியும். மகன் அதற்காகத்தான் கேட்டு வாங்கியிருக்கிறான். அதே வாசலில் அதே மாதிரி இன்னும் ஐந்து அம்மாக்கள், ஐந்து வீல்சேர்கள்.

பெட்டி கவுன்ட்டரில் படுக்கிறது. எடை ஏறுகிறது. 24.9. பெல்ட் அதை இழுத்துக்கொண்டு போகிறது. குடியேற்றச் சோதனையில் ஒரு முத்திரை.

பாதுகாப்புச் சோதனை. நான்கு வரிசை. சாம்பல் நிறத் தட்டுகள். தட்டில் பெல்ட், கடிகாரம், லேப்டாப், பர்ஸ். ஒருவர் பேன்டைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு, அது போகும் வரை கூடவே நடக்கிறார். பின்னால் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் "கொஞ்சம் சீக்கிரம்" என்கிறார். யாரிடம் என்று தெரியவில்லை.

இதே தட்டு, இதே பெல்ட், இதே திரை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அரசின் ஆட்களே பயணிகளாக வந்து போலி ஆயுதங்களையும் போலி வெடிகுண்டுகளையும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 2015இல் அந்தக் கணக்கு வெளியே வந்தது. 70 முறை முயன்றதில் 67 முறை பிடிபடவில்லை. சோதனைத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மாற்றப்பட்டார். இயந்திரங்கள் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

அரக்குக் கைப்பை தட்டில் ஏறுகிறது. அம்மா கையை எடுப்பதில்லை. வீல்சேர் பையன் மெதுவாக அவர் கையை எடுத்துவிடுகிறான்.

பெண்களுக்கான தடுப்பு. திரைச்சீலை. உள்ளே ஒரு பெண் ஜவான், இருபத்தைந்து வயது, வடக்கத்திப் பெண். கருவியைக் கொண்டுவந்ததும் வீல்சேரின் இரும்பு கத்துகிறது. ஜவான் கருவியைக் கீழே வைக்கிறாள். கையால் தொட்டுப் பார்க்கிறாள். தோள், முதுகு, இடுப்பு, கொசுவம். வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள். கால் விரலில் மெட்டியைப் பார்க்கிறாள். புதுச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டுகிறாள். அம்மா குனிவதற்குள் அவளே குனிந்து கழற்றுகிறாள்.

வெளியே பெல்ட் நிற்கிறது.

பின்னால் போகிறது. மறுபடி முன்னால் வருகிறது. நிற்கிறது. திரைக்கு முன் இருப்பவர் தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். ஆரஞ்சுப் புகை. கீழ் மூலையில் அலகு திறந்த நீலப் பறவை. விரல் பொத்தானை அழுத்துகிறது. தட்டு பக்கவாட்டுப் பாதையில் ஒதுங்குகிறது.

"யே கிஸ்கா பேக்?" பிறகு, "யாரோடது?"

பை திறக்கிறது. கைபேசி. பவர் பேங்க். முருகன் படம் போட்ட விபூதிப் பொட்டலம். ஒரு சுருக்குப்பை. சுருக்குப்பைக்குள் ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலை. சுண்ணாம்பு டப்பா. கொட்டைப்பாக்கு ஏழெட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் பாக்குவெட்டி. கறுத்த இரும்பு. பிடி தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. வாய் மட்டும் பளபளக்கிறது.

"அம்மா, இது போகாது."

"பாக்கு வெட்டறதும்மா."

"போகாது அம்மா."

"எங்க மாமியாரோடது."

ஜவான் பாக்குவெட்டியைக் கையில் வாங்குகிறாள். மூடித் திறக்கிறாள். இது என்ன என்று அவளுக்குத் தெரிகிறது. அவள் ஊரிலும் ஒரு பாட்டி இருப்பாள். வீல்சேர் பையனைப் பார்க்கிறாள். கூட வந்தவர் யாராவது வெளியே இருக்கிறார்களா என்று கேட்கிறாள். பையன் குடியேற்றக் கவுன்ட்டர் இருக்கும் பக்கம் கையைக் காட்டித் தலையை ஆட்டுகிறான். முத்திரை குத்தியாகிவிட்டது. பெட்டியும் போய்விட்டது.

மேசைக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் கத்தரிக்கோல்கள், லைட்டர்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு தீப்பெட்டி, மடக்குக் கத்தி இரண்டு. பாக்குவெட்டி அதற்குள் விழுகிறது. அந்தச் சத்தம் மற்ற சத்தங்களோடு சேராமல் தனியாகக் கேட்கிறது.

கொட்டைப்பாக்கைத் திருப்பித் தருகிறார்கள். அது போகலாம்.

அம்மா சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து மூடுகிறார். கைப்பையின் ஜிப்பைத் தடவிப் பார்க்கிறார். அழவில்லை. வீல்சேர் நகர்கிறது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்கிறார். பெண் ஜவான் அடுத்த வளையல்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திரைக்கு முன் இருந்தவர் எழுந்து கண்ணைக் கசக்குகிறார். அவர் நேரம் முடிந்தது. வேறொருவர் வந்து உட்கார்ந்து நாற்காலியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்கிறார்.

*

ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டுக்குக் கால் மணி முன்னால். ராயப்பேட்டை. வாசலில் தண்ணீர் தெளித்த ஈரம். டீக்கடையில் முதல் கூட்டம்.

அதே காவலாளி, அதே பெரிய சட்டை. மஞ்சள் துணிப்பையில் சாப்பாட்டுக் கேரியர். பையை ஸ்டூலுக்கு அடியில் வைக்கிறார். நேற்று இரவு வேலை முடிந்து போகும்போது அந்தக் கேரியரின் மூன்று அடுக்கையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஊழியர்கள் வெளியே போகும்போது அது வழக்கம்.

பிளக்கைச் சொருகுகிறார். இயந்திரம் முனகுகிறது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைக்கிறார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். ஒரு பக்கக் காலில் நூல் கட்டியிருக்கிறது.

இளைய காவலாளி மெட்டல் டிடெக்டருக்குக் கீழே ஒரு முறை நடந்து பார்க்கிறான். கத்துகிறது. சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டுகிறான்.

முதல் பை பெல்ட்டில் வருகிறது. ஆரஞ்சு, பச்சை, நீலம். காவலாளி குனிந்து பார்க்கிறார். இரவு எட்டு மணி வரை அந்தத் திரைக்கு மாற்று ஆள் இல்லை.